விடுப்புக் கடிதங்கள்

அன்புள்ள ஐயா,

மும்பை சயான் கோலிவாடாவில் வசிக்கிறோம். தம்பிக்கு 26 வயது. 4 ஆண்டுகளாகப் போதைப் பவுடர். மறுவாழ்வு மையத்தில் 90 நாள் இருந்துவிட்டுப் போன மாதம் வந்தான். மறுபடி பணம் கேட்கிறான். மறுத்தால் பாவமா? கல்யாணம் செய்தால் திருந்துவான் என்கிறார் அப்பா. கம்பெனியில் டைஃபாய்டு என்று சொல்லி வைத்திருக்கிறோம்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

பணம் கொடுக்காதீர்கள், சோறு போடுங்கள். இதில் பாவம் எதுவும் இல்லை. கல்யாணப் பேச்சை இன்றே நிறுத்துங்கள். நீங்கள் 4 ஆண்டுகளாகச் சுமக்க முடியாததை யாரோ பெற்ற பெண்ணின் தலையில் ஏற்றுவது அக்கிரமம்.

உங்கள் கடைசி வரிக்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். போன வாரம் பழைய டிரங்குப் பெட்டியில் என் கையெழுத்தில் ஒரு தாள் அகப்பட்டது. அது முதலே இதே நினைவு.

1980களில் பம்பாயில் பிரவுன் சுகர் என்ற ஹெராயின் பவுடர் பரவியபோது அகப்பட்டுக்கொண்டவர்களில் என் அண்ணனும் ஒருவன். தாராவியில், 90 அடி சாலைக்குப் பின்னால் ஒரே அறையில் இருந்தோம். அந்தப் பவுடரைக் 'கர்த்' என்பார்கள், அதை இழுப்பவனைக் 'கர்துல்லா'. வீடு பெருக்கும்போது, பவுடரைச் சூடாக்கி இழுத்ததில் கரிய கோடு விழுந்த சிகரெட் ஈயத்தாள் கிடைத்தால், நாங்கள் பார்க்குமுன் அம்மா உள்ளங்கையில் கசக்கிக்கொள்வாள்.

வீட்டில் இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவன் நான்தான். எட்டாம் வகுப்பு. அண்ணன் வேலைக்குப் போகாத நாளெல்லாம் அப்பா சொல்லச் சொல்ல விடுப்புக் கடிதம் எழுதுவேன். விஷக்காய்ச்சல், பாட்டி மரணம். ஒரே ஆண்டில் இரண்டு முறை மஞ்சள்காமாலை. ஒவ்வொரு கடிதமும் அவனுக்கு ஒரு வாரம் வாங்கிக் கொடுத்தது. அந்த வாரம் எதில் கரைந்தது என்று எல்லோருக்கும் தெரியும். காப்பாற்றிக்கொண்டதெல்லாம் எங்கள் மானத்தைத்தான்.

நீங்களும் அதையே செய்கிறீர்கள்! டைஃபாய்டு தீர்ந்தால் அடுத்து என்ன சொல்வீர்கள்? கம்பெனியில் அவனே பேசட்டும். கடன்காரனுக்கு அவனே பதில் சொல்லட்டும். "இனிக் கதவைத் திறக்கமாட்டேன்" என்று கத்தாதீர்கள். திறப்பீர்கள், அது அவனுக்கும் தெரியும். செய்ய முடிந்ததை மட்டும் சொல்லுங்கள், சொன்னதைச் செய்யுங்கள்.

போலீசுக்குப் பயந்து மறைப்பதாக இருந்தால், தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் சிகிச்சை பெறுபவருக்கு 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்திலேயே, 64ஏ பிரிவில், பாதுகாப்பு உண்டு. வழி கேட்க 14446 என்ற அரசு எண் இருக்கிறது.

உண்மையில் பயப்பட வேண்டிய இடம் வேறு. 90 நாள் விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. முன்பு பழகிய அதே அளவு இப்போது மூச்சை நிறுத்திவிடக்கூடும். கோபத்தில் அவனைத் தனியறையில் பூட்டிவிடாதீர்கள். எழுப்பியும் எழாமல் உதடு நீலம் பாரித்தால் உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

ஒரு மாலை அப்பா சொல்ல ஆரம்பித்தபோது நான் பேனாவை மூடிவிட்டேன். அறைந்தார். பரணில் படுத்திருந்த அண்ணன் இறங்கி வந்து, நோட்டிலிருந்து வேறொரு தாளைக் கிழித்துத் தானே எழுதினான். மராட்டிய மேலாளருக்குத் தமிழில். வேலை போயிற்று. அன்று இரவும் அம்மா அவனுக்கு ரசம் ஊற்றினாள்.

போன வாரம் அகப்பட்ட தாளில் "மதிப்பிற்குரிய ஐயா" என்பதற்கு மேல் ஒன்றும் இல்லை. வேலை போய் ஏழு மாதம் கழித்து ஒரு காலையில், "ஆஸ்பத்திரிக்குக் கூட வருகிறாயா?" என்று அண்ணன் என்னைத்தான் கேட்டான்.