போர்வெல் வண்டிக்காரர் மகள் எண்ணெய்க் கிணற்றுக்குப் போகலாமா?

அண்ணே, மகள் பிளஸ் டூ முடிக்கும் முன்பே “பெட்ரோலியம்தான் படிப்பேன்” என்று நிற்கிறாள், நமக்கு அந்தத் தொழிலே தெரியாதே என்று போனில் புலம்பினீர்கள். வேலூர் அணைக்கட்டுப் பக்கம் இருபது வருடமாகப் போர்வெல் போடுகிற உங்களுக்கா தெரியாது? பாதி தெரியும். மீதியை, அந்தப் படிப்பு கொண்டுபோகும் வேலைகளில் ஒன்றை, கிணற்றுக்குள் அழுத்தம் அளக்கும் பொறியாளர் வேலையை வைத்துச் சொல்கிறேன்.

நம் வேலூர்ப் பாறை கெட்டிப் பாறை. தேங்காயைக் கையில் வைத்து ஒருவர் இடம் காட்டுவார், நீங்கள் கம்ப்ரெசர் காற்றில் ஹாமர் அடித்து இறக்குவீர்கள். வெடிப்பு இருந்தால் தண்ணீர், இல்லாவிட்டால் வெறும் தூசிப் புகை. புகை வந்தால் போவது காசு மட்டும்தான். எண்ணெய்க் கிணறு காவிரிப் படுகை, கோதாவரிப் படுகை மாதிரி படிவுப் பாறையில் இறங்குகிறது. அங்கே பாறைத் துளைகளுக்குள் எரிவாயு, எண்ணெய், உப்பு நீர் எல்லாம் அழுத்தத்தோடு அடைந்து கிடக்கும். லாரி டயருக்கு 110, 120 பி.எஸ்.ஐ. என்று காற்று வைக்கிறோம். அதே அளவையில், 3,000 மீட்டர் ஆழத்தில் வெறும் தண்ணீர்த் தூணின் அழுத்தமே 4,200-ஐத் தாண்டும்.

அதனால் அங்கே காற்றுக்குப் பதில் கனமான சேற்றுக் கலவையை உள்ளே ஓட்டித்தான் துளைப்பார்கள். சேறு லேசானால் கீழே இருக்கும் வாயு மேலே பாயும். 1995-இல் ஆந்திராவின் பாசர்லபூடியில் கிணறு வெடித்து இரண்டு மாதத்துக்கு மேல் எரிந்தது. சேறு கனத்துப் போனாலோ பாறை பிளந்து, சேறு முழுக்க உள்ளே போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்க, கீழே அழுத்தம் எவ்வளவு என்று தெரிந்தாக வேண்டும். முன்பெல்லாம் துளைக்கும் குழாயை வெளியே எடுத்துவிட்டுக் கம்பியில் கருவி இறக்கி அளந்தார்கள். இப்போது துளைக்கிற முனைக்குச் சற்று மேலேயே கருவி வைத்தும் அளக்கிறார்கள்.

குழாயைச் சில நிமிடம் நிறுத்துவார்கள். ரப்பர் வளையம் வைத்த ஒரு மூக்கு கிணற்றுச் சுவரில் போய் அழுந்தும். சிரிஞ்சு மாதிரி ஒரு பிஸ்டன் பாறையிலிருந்து கொஞ்சம் திரவத்தை இழுக்கும், அழுத்தம் விழும். இழுப்பதை நிறுத்தியதும் மெல்ல ஏறி ஓரிடத்தில் நிற்கும். அந்த எண்தான் வேண்டியது. மோட்டாரை நிறுத்திவிட்டுப் போரில் தண்ணீர் எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று பார்ப்பீர்களே, அதே கணக்கு.

இப்படிப் பல ஆழங்களில் எடுத்த எண்களை வரைபடத்தில் வைத்தால், அழுத்தம் அடிக்கு 0.43 பி.எஸ்.ஐ. வீதம் ஏறினால் தண்ணீர், 0.35 வாக்கில் எண்ணெய், 0.1 வாக்கில் வாயு. கோடு எங்கே மடங்குகிறதோ அங்கே வாயு முடிந்து எண்ணெய் தொடங்குகிறது. மகளிடம் கேளுங்கள், பிளஸ் ஒன் இயற்பியலில் படித்த அடர்த்திப் பாடம்தான் இது.

மாதிரி எடுப்பதும் உங்களுக்குப் புதிதல்ல. புதுப் போரில் முதலில் கலங்கல்தான் வரும். இங்கும் சேற்று நீர் போகும்வரை இறைத்துவிட்டுத்தான் பிடிப்பார்கள். பிடித்ததைப் பாறையின் அழுத்தம் குறையாமல் மூட வேண்டும். கோலி சோடாவைத் திறந்த மாதிரி வாயு பிரிந்துவிட்டால் லேபுக்கு அனுப்பிப் பயனில்லை.

அளவுகளெல்லாம் சேற்றுக்குள் அழுத்தத் துடிப்புகளாகத்தான் பெரும்பாலும் மேலே வருகின்றன. விநாடிக்கு ஐந்து பிட் (கணினியின் 0, 1) என்றால், 100 கேபி வாட்ஸ்அப் படம் ஒன்று வர ஏறக்குறைய இரண்டு நாள் ஆகும்! அதனால் எதை அனுப்புவது, எதை விடுவது என்று முன்பே யோசித்து வைக்க ஆள் வேண்டும். குழாயை ரொம்ப நேரம் நிறுத்தினால் சுவரில் ஒட்டிக்கொள்ளும். இன்னும் ஒரு நிமிடம் பொறுப்பதா, கிளம்புவதா என்பதை நள்ளிரவில் சொல்பவர்தான் இந்தக் கருவியை ஓட்டும் பொறியாளர்.

இந்த வேலைக்கு பி.இ. பெட்ரோலியம் கட்டாயமில்லை. கருவியை ஓட்டும் நிறுவனங்கள் மெக்கானிக்கல், எலக்ட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்டேஷன் படித்தவர்களையும் எடுக்கின்றன. தன்பாத் ஐ.ஐ.டி. கிடைத்தால் பெட்ரோலியத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு போகட்டும். கிடைக்காவிட்டால், பெயருக்காக அதிகப் பணம் கட்டித் தனியார் கல்லூரியில் பெட்ரோலியம் சேர்க்காதீர்கள். 2014 நடுவில் பீப்பாய் 100 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய் 2016 தொடக்கத்தில் 30-க்குக் கீழே போனது. அந்த நேரத்தில் படிப்பை முடித்த என் மாணவன் ஒருவன் இரண்டு வருடம் வீட்டில் இருந்தான். மெக்கானிக்கல் படித்த அவன் நண்பன் ராணிப்பேட்டையில் வேலைக்குப் போய்விட்டான். எம்.டெக். சேர எழுதும் கேட் தேர்வில் பெட்ரோலியத்துக்கு 2017 முதல் தனித் தாள் இருக்கிறது, ஆசை குறையாவிட்டால் எம்.டெக்.கில் பார்த்துக்கொள்ளலாம். பாறைதான் பிடிக்கிறது என்றால் சென்னை மாநிலக் கல்லூரியில் நிலவியல் உண்டு. விண்ணப்பத்தில் புவியியல் என்று டிக் செய்துவிடாதீர்கள், அது ஜியாகிரபி. வருடா வருடம் யாராவது ஒருவர் மாட்டுகிறார்.

பெண் பிள்ளையை அனுப்பலாமா என்றீர்கள். பெண்கள் இருக்கிறார்கள், ஆனால் குறைவு. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், கடல் நடுவே இரண்டு வாரம், ஹெலிகாப்டர் தண்ணீரில் விழுந்தால் தப்பிக்கும் பயிற்சி, இதெல்லாம் ஆணுக்கும் அதேதான். அவளால் முடியுமா என்று நீங்களும் நானும் பேசுவதைவிட, அடுத்த போர் போடும்போது ஒரு ராத்திரி வண்டியோடு கூட்டிப் போங்கள். சத்தம், தூசி, தூக்கமின்மை மூன்றும் கிடைக்கும்.

இன்னொன்று. ரிக் (துளைக்கும் மேடை) வேலை மருத்துவச் சோதனையில் நிறப் பார்வையும் பார்ப்பார்கள். சனிக்கிழமை என்னிடம் வருவதற்கு முன் ஆரணி ரோடு ஷெல் கண் ஆஸ்பத்திரியில் அதை மட்டும் காட்டிவிட்டு வாருங்கள்.