ஒரே செயலிக்கு இரண்டு ஐடிகளா?

கேள்வி: எங்கள் செயலியை மைக்ரோசாஃப்ட் என்ட்ராவில் (உள்நுழைவையும் அனுமதிகளையும் நிர்வகிக்கும் சேவை) பதிவு செய்தோம். வாடிக்கையாளரின் டைரக்டரியில் அதன் ஆப்ஜெக்ட் ஐடி வேறாக இருக்கிறது. இரண்டு முறை பதிவாகிவிட்டதா?

பதில்: இல்லை, பதறாதீர்கள். நீங்கள் பதிவு செய்தது அப்ளிகேஷன் ஆப்ஜெக்ட், அதாவது செயலியின் மூலப் பதிவு. அது உங்கள் டெனன்டில் (உங்கள் நிறுவனத்துக்கான டைரக்டரியில்) மட்டும்தான் இருக்கும். வாடிக்கையாளர் சம்மதம் கொடுத்ததும் அவருடைய டெனன்டில் செயலியின் பிரதிநிதியாக சர்வீஸ் பிரின்சிபல் என்று ஒன்று உருவாகும். அதற்குத் தனி ஆப்ஜெக்ட் ஐடி. செயலியின் அடையாள எண்ணான கிளையன்ட் ஐடி மட்டும் எல்லா இடத்திலும் ஒன்றே. அதை ஒப்பிட்டுப் பாருங்கள், சந்தேகம் தீர்ந்துவிடும்.

உங்கள் டெனன்டிலும் ஒரு சர்வீஸ் பிரின்சிபல் இருக்கும். பலர் தடுக்கி விழுவது இங்கேதான். ஸ்கிரிப்டில் செயலிக்கு ரோல் (அனுமதிகளின் தொகுப்பு) கொடுக்கும்போது ‘ஆப் ரெஜிஸ்ட்ரேஷன்ஸ்’ பக்கத்தில் உள்ள ஆப்ஜெக்ட் ஐடியைப் போட்டால் வேலைக்கு ஆகாது; அது அப்ளிகேஷன் ஆப்ஜெக்டுடையது. ‘என்டர்பிரைஸ் அப்ளிகேஷன்ஸ்’ பக்கத்தில் இருக்கும் சர்வீஸ் பிரின்சிபலின் ஐடியைத்தான் போட வேண்டும். (இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்த புண்ணியவான் யாரோ!)

அப்புறம், வாடிக்கையாளர் தன் டெனன்டில் உள்ள சர்வீஸ் பிரின்சிபலை நீக்கினால் அவர் கொடுத்த அனுமதிகள் மட்டும் போகும். உங்கள் மூலப் பதிவுக்கும் மற்ற வாடிக்கையாளர்களுக்கும் ஒன்றும் ஆகாது. உங்கள் பதிவையே தவறுதலாக நீக்கிவிட்டால், 30 நாளுக்குள் மீட்டுக்கொள்ளலாம்.