பெங்களூரு மரங்கள் எல்லாம் வெள்ளைக்காரன் வைத்துவிட்டுப் போனவைதானே?

இல்லை. வேலைக்காகப் புதிதாக வந்து, கப்பன் பூங்காவைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்தப் பூங்கா 1870-இல் ஆங்கிலேயர் காலத்தில் வந்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் லால்பாக் தோட்டம் ஹைதர் அலி தொடங்கியது. ஒரு மரம் பூத்து ஓய்ந்ததும் அடுத்தது பூக்கிற மாதிரி சாலையோரங்களில் மரம் வைக்கும் முறையைக் கொண்டுவந்த கிரும்பிகல் ஜெர்மன்காரர். 1908-இல் மைசூர் மகாராஜாவின் அழைப்பில் பெங்களூருக்கு வந்தவர், 1956-இல் இங்கேயேதான் இறந்தார். வெளிநாட்டு மரங்களைக் கொண்டுவந்தவர்தானே என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். எனக்கும் நம்மூர் மரங்கள்தான் பிடிக்கும், ஆனாலும் அவருடைய உழைப்பைக் குறைத்துப் பேச மனசு வராது.

ஆனால் நான் சொல்ல வந்தது எஸ்.ஜி. நேகினஹாள் என்ற வனத்துறை அதிகாரியைப் பற்றி. 1980-களில், குண்டுராவ் முதலமைச்சராக இருந்தபோது தொடங்கிய வேலை அது. ஐந்தே வருடத்தில் இந்த நகரத்தில் சுமார் 15 லட்சம் மரங்களை நட வைத்தார். காட்டில் இல்லை, வீட்டு வாசல்களில். 2021-இல் அவர் இறந்தபோது என் அலுவலகத்தில் ஒருவருக்கும் அந்தப் பெயர் தெரியவில்லை.

அந்த 15 லட்சத்தில் ஒன்று எங்கள் வாசலில் இருந்தது. நான் மூன்றாவது படிக்கும்போது லாரியில் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள், என்னைவிட உயரமான புங்கங்கன்று. இங்கே அதை ஹொங்கே என்பார்கள். முதல் இரண்டு கோடையும் அம்மா அரிசி களைந்த தண்ணீரைக் கீழே கொட்டாமல் வாளியில் சேர்த்து வைப்பார், பள்ளிக்கூடம் போகும் முன் அதை ஊற்றுவது என் வேலை. வளர்ந்தபிறகு ஒவ்வொரு மார்ச்சிலும் இலையெல்லாம் கொட்டி, பத்தே நாளில் எண்ணெய் தடவின மாதிரி பளபளவென்று தளிர் வந்துவிடும். அப்புறம் பூ. விடிகாலையில் கதவைத் திறந்தால் வாசல் முழுக்கப் பொரி கொட்டிக் கிடக்கிற மாதிரி இருக்கும், அம்மா அதைப் பெருக்க மனமில்லாமல் ஓரமாகக் கோலம் போடுவார்.

மூன்று வருடத்துக்கு முன் சாக்கடை வேலைக்கு வந்தவர்கள் ஜேசிபியால் ஒரு பக்க வேரை முழுக்க அறுத்துவிட்டு, மறுபக்கம் அடிமரம் வரை சிமெண்ட் பூசிவிட்டுப் போனார்கள். சுற்றி மூன்றடியாவது மண் விடுங்கள் என்று அப்பா கெஞ்சினார். அடுத்த மழைக்காலத்தில் மரம் சாய ஆரம்பித்தது, "ஆபத்தான மரம்" என்று எழுதிக்கொண்டு வெட்டினார்கள். மழையில் மரம் விழுந்தால் செய்தியில் மரத்தைத்தான் குற்றம் சொல்கிறார்கள், வேரை அறுத்தவனைப் பற்றி ஒரு வரி வருவதில்லை. சாலை, சாக்கடை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். மூன்றடி மண்தான் கேட்டோம்.

வெட்டிய அன்றைக்கு அப்பா அடித்தண்டில் ஒரு வில்லையைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டார். இப்போதும் மாடிப்படிக்குக் கீழே இருக்கிறது.