மோதும் விண்மீன் மண்டலங்கள்: வாசகர் கேள்வி-பதில்

பக்கத்து விண்மீன் மண்டலமான அன்ட்ரொமீடா நம் பால்வீதியோடு மோதினால் பூமி நொறுங்குமா? (ஆசிரியை, மல்லாவி)

நொறுங்காது. விண்மீன்களுக்கு இடையே அவ்வளவு வெற்றிடம். முட்டிக்கொள்பவை வாயு முகில்கள்; அவை நசுங்கும் இடத்தில் புதிய விண்மீன்கள் கொத்துக் கொத்தாகப் பிறக்கும். மோதுவதே நிச்சயமில்லை. 2025இல் வெளியான கணிப்பின்படி, அடுத்த 1,000 கோடி ஆண்டுகளில் அதற்கான வாய்ப்பு ஏறத்தாழப் பாதிக்குப் பாதி.

"இன்றிரவு இரு மண்டலங்கள் மோதும்" என்று வட்ஸ்அப்பில் வந்த காணொளி உண்மையா? (மாங்குளம்)

இல்லை. ஒரு மோதல் முடியப் பல கோடி ஆண்டுகள் செல்லும். பகிரும் முன் ஒரு நிமிடம் யோசியுங்கள்.

வெப் விண்வெளித் தொலைகாட்டி எடுத்த ஸ்டீபன் கூட்டத்தின் படத்தில் ஐந்து மண்டலங்களும் மோதுகின்றனவா? (மாணவி, கிளிநொச்சி)

நல்ல கேள்வி. இல்லை, நான்குதான். ஐந்தில் ஒன்று சுமார் 4 கோடி ஒளியாண்டு தூரத்தில் தனியே நிற்கிறது. மற்ற நான்கும் 29 கோடி ஒளியாண்டுக்கு அப்பால். வானத்தில் அருகருகே தெரிவதெல்லாம் அருகருகே இருப்பவை அல்ல.

675 மடங்கு பெரிதாக்கும் என்று பெட்டியில் போட்டிருந்த தொலைகாட்டியை மகனுக்கு வாங்கினேன். ஒரு மண்டலமும் தெரியவில்லை. (புதுக்குடியிருப்பு)

வில்லையின் விட்டத்தை நீங்களும் எழுதவில்லை! எத்தனை முறை சொல்வது: விட்டத்தைப் பாருங்கள், மடங்கைப் பார்க்காதீர்கள். 60 மில்லிமீற்றர் வில்லை 120 மடங்குவரைதான் தாங்கும். அதற்கு மேல் பெரிதாவது மங்கல் மட்டுமே. பெட்டியில் 675 என்று அச்சிடுகிறவர்கள் பிள்ளைகளின் ஆசையைத் திருடுகிறார்கள். இதை நான் விடப்போவதில்லை. ஹபிள் விண்வெளித் தொலைகாட்டியின் ஆடி 2.4 மீற்றர் விட்டம், வெப்பினது 6.5 மீற்றர். அவற்றின் வலிமை ஒளியை அள்ளும் அந்தப் பரப்பில்தான் இருக்கிறது.

வாங்கியதை மூலையில் போட்டுவிடாதீர்கள். ஆகக் குறைந்த மடங்கு தரும் கண்வில்லையைப் பொருத்துங்கள். மழை விட்ட தை மாதத்தில், நிலவில்லாத முன்னிரவில், வீதிவிளக்கு எட்டாத குளக்கட்டுக்கு மகனை அழைத்துச் செல்லுங்கள். யானை நடமாடும் குளமென்றால் வேண்டாம். கைப்பேசியைத் தொடாமல் 20 நிமிடம் கண்ணை இருட்டுக்குப் பழக்குங்கள். வடமேற்கே, நடுவில் சற்றே செறிந்த சாம்பல் நிறப் புகைத்திட்டாக அன்ட்ரொமீடா தெரியும். அது 25 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளி.

மோதும் மண்டலங்களை நாமே பார்க்க முடியுமா? (முல்லைத்தீவு)

சித்திரை இரவுகளில், அத்த நட்சத்திரங்களின் அருகே, 'அன்டெனா' என்ற மோதும் மண்டல இணை. 200 மில்லிமீற்றர் ஆடியாவது வேண்டும். அதிலும் வளைந்த மங்கல் பொட்டாகத்தான் தெரியும்; அதன் நீண்ட வால்கள் படத்தில் மட்டுமே. விட்டம் குறிப்பிடாத கடிதங்களுக்கு இனிப் பதில் இல்லை.