படகின் அவுட்போர்டு மோட்டாரில் ஆக்சிலேட்டர் செட்டிங்: கேள்வி பதில்

உவரியிலிருந்து: அண்ணாச்சி, கைப்பிடியை முழுசா மூடினாலும் எஞ்சின் வேகம் இறங்க மாட்டேங்கு. ஐடில் ஸ்க்ரூவைக் குறைச்சா அணைஞ்சிருது. எதைத் தொடணும்?

பதில்: எஞ்சின் சும்மா ஓடுற வேகத்தை வைக்கிற ஐடில் ஸ்க்ரூ கடைசி வேலை, இப்போதைக்கு விட்டுருங்க. எஞ்சினை அணைச்சு, கில் ஸ்விட்ச் (உருவினா எஞ்சினை அணைக்கிற ஸ்விட்ச்) கயிறை உருவி, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிருங்க. கியர் நியூட்ரல்ல இருக்கட்டும். கைப்பிடியில இருந்து வர்ற கேபிளோட முனையை எஞ்சின் பக்க லீவர்ல இருந்து கழற்றி, லீவரைக் கையால அசைச்சுப் பாருங்க. தடையில்லாம போய்வந்தா கோளாறு கேபிள்ல. பிடிச்சா, உப்பு படிஞ்ச பின்னோ தேஞ்ச பிளாஸ்டிக் புஷ்ஷோதான் காரணம். அதைச் சரிபண்ணாம ஒண்ணையும் திருகாதீங்க.

அடுத்து, ஐடில் ஸ்க்ரூவைப் பின்னால எடுத்து, கார்பரேட்டர் பட்டர்ஃபிளை, அதாவது காத்து வழியைத் திறந்து மூடுற தகடு, முழுசா மூடுதான்னு பாருங்க. லீவரோட திரும்புற கேமும், அது தள்ளினா பட்டர்ஃபிளையைத் திறக்கிற ரோலரும் சேருற இடத்துலதான் கண்ணு வேணும். கேம்ல கோடு போட்டிருந்தா, ரோலரோட நடு அந்தக் கோட்டுல வந்து லேசாத் தொடணும். கைப்பிடி மூடியிருக்கும்போதே கேம் ரோலரை அழுத்திக்கிட்டு இருந்தா பட்டர்ஃபிளை முழுசா மூடாது. இறங்காத எஞ்சின்ல முதல்ல சந்தேகப்பட வேண்டியது இதைத்தான். இடைவெளி விழுந்தாலோ, முறுக்கினதும் எடுக்காம ஒரு நொடி திணறும். அலையைத் தாண்டி வள்ளத்தை ஏத்துற நம்ம கரையில அந்தத் திணறல் ஆபத்து.

பிறகு கேபிளை மாட்டுங்க. கைப்பிடி முழுசா மூடின நிலையில, கேபிள் முனைத் துண்டைத் திருகி நீளத்தைச் சரிபண்ணினா, அதன் ஓட்டை இழுக்காம தள்ளாம பின்மேல உக்காரணும். மரை குறைஞ்சது 8 மி.மீ. உள்ள ஏறியிருக்கணும், குறைஞ்சா கடல்ல உருவிக்கும். லாக் நட்டை இறுக்கின பிறகு கியரை முன்னால போடுங்க. சிக்கினா புரொப்பல்லரைக் கையால சுத்திக்கிட்டே போடலாம். கைப்பிடியை முழுசா முறுக்கினா பட்டர்ஃபிளை காத்து போற திசைக்கு நேரா நிக்கணும், லீவர் ஸ்டாப்பர்ல முட்டணும். கியரை நியூட்ரலுக்குத் திருப்பி, பிளக்கையும் கில் ஸ்விட்ச் கயிறையும் மாட்டி, மோட்டாரைத் தண்ணியில இறக்கி, எஞ்சின் சூடான பிறகுதான் ஐடில் ஸ்க்ரூ. எஞ்சின் நிமிஷத்துக்கு எத்தனை சுத்து ஓடணும்னு உங்க மாடல் புத்தகத்துல போட்டிருக்கும்.

கூத்தங்குழியிலிருந்து: நியூட்ரல்ல வச்சுப் பார்த்தா பாதிக்கு மேல முறுக்க முடியல. கேபிள் குட்டையா?

பதில்: இல்லை. கைப்பிடி மோட்டார்கள் பலதுல நியூட்ரல்ல தடுப்பு உண்டு. முழுத் திறப்பைக் கியர் போட்டுத்தான் பார்க்கணும்.

பெருமணலிலிருந்து: கைப்பிடியை மேல தூக்கினா எஞ்சின் வேகம் தானா ஏறுதே?

பதில்: கேபிளில் தளர்வு இல்லை, இல்லன்னா கீல் பக்கத்துல கேபிள் மடங்கி இழுக்குது. கைப்பிடியை மேலயும் கீழயும் ஆட்டி லீவரைக் கவனிங்க, அது நகரக் கூடாது. தேஞ்சு நூல் பிரிஞ்ச கேபிளை ஒட்டுப் போடாதீங்க, மாத்திருங்க.

இடிந்தகரையிலிருந்து: ரெண்டு கார்பரேட்டர். கீழது முதல்ல திறக்குது, மேலது பின்னால.

பதில்: ரெண்டையும் சேர்க்கிற கம்பியோட ஸ்க்ரூவைத் தளர்த்தி, ரெண்டு பட்டர்ஃபிளையும் முழுசா மூடியிருக்கும்போதே இறுக்குங்க. லீவரை மெல்ல அசைச்சா ரெண்டும் ஒரே நேரத்துல கிளம்பணும்.

அதே பக்கத்துல ஃப்ளைவீல் அடியில போற இக்னிஷன் அட்வான்ஸ் கம்பியும் (தீப்பொறி விழுற நேரத்தை மாத்துறது) இருக்கும். வேகம் கூடும்னு அதை நீட்டாதீங்க. தீப்பொறி சீக்கிரம் விழுந்தா எஞ்சின் தட்டும், பிஸ்டன் உருகும். மண்ணெண்ணெயில ஓடுற மோட்டார் பெட்ரோலைவிட சீக்கிரம் தட்டும்.

கூட்டப்புளியிலிருந்து: கையை எடுத்தா கைப்பிடி தானா பின்னால வருது, இறுக்கலாமா?

பதில்: உராய்வு ஸ்க்ரூவைக் கொஞ்சம் இறுக்கலாம், அசையாம பூட்டிரக் கூடாது. ஆள் தவறி விழுந்தா படகு அதே வேகத்துல போயிரும். கில் ஸ்விட்ச் கயிறை மணிக்கட்டுல மாட்டாம ஓட்டாதீங்க.

உவரியிலிருந்து மறுபடியும்: கேபிளுக்குள்ள எண்ணெய் விடலாமா?

பதில்: வேண்டாம். உள்ள பிளாஸ்டிக் குழாய் உள்ள கேபிளுக்கு அது தேவையில்லை, எண்ணெய் மணலைப் பிடிச்சுக்கும். பின், ரோலர், கீல் மூணுக்கும் மெரைன் கிரீஸ் போதும். பழசைத் துடைச்சு, நல்ல தண்ணியில உப்பைக் கழுவி, காஞ்ச பிறகு தடவுங்க. முனை கிளிப் துருப்பிடிச்சிருந்தா துருப்பிடிக்காத எஃகு கிளிப் புதுசு ஒண்ணு மாட்டுங்க, படகுப் பெட்டியில உபரியா ரெண்டு கிடக்கட்டும்.