ராம் சேர்த்தேன், திரை இருண்டது!

கேள்வி: கம்ப்யூட்டரில் இருந்த 8 ஜிபி ராமோடு (தற்காலிக நினைவகம்) இன்னொரு 8 ஜிபி சேர்த்தேன். பவர் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. ராம் போய்விட்டதா?

பதில்: அதற்குள் முடிவு கட்டாதீர்கள், பெரும்பாலும் அது சரியாக உட்கார்ந்திருக்காது. மின் ஒயரைப் பிடுங்கிவிட்டு இரண்டையும் கழற்றி, பழையதை மட்டும், ஓரத்துக் கிளிப் 'டக்' என்று பூட்டும்வரை அழுத்திச் செருகுங்கள்; பலர் உடைந்துவிடுமோ என்று பயந்து பாதியிலேயே விட்டுவிடுகிறார்கள். திரை வந்ததா? சரி, அப்புறம் அதே ஸ்லாட்டில் புதியதை மட்டும் போட்டுப் பாருங்கள். தனித்தனியாக ஓடி, சேர்த்தால் மட்டும் மக்கர் செய்கிறதென்றால் இரண்டும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். ஒன்றை மட்டும் போட்டு, பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரை) எக்ஸ்எம்பியை, அதாவது ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் வசதியை, அணைத்துவிட்டு மறுபடி இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் ராம் டிடிஆர்5 என்ற புதிய தலைமுறை வகை என்றால், மாற்றியபின் முதல்முறை சில நிமிடம் இருட்டாகத்தான் இருக்கும், பொறுங்கள். புதியது தனியாகவும் ஓடாவிட்டால் வாரண்டியில் மாற்றிவிடுங்கள்.