சிக்னலில் கார் உதறுகிறது: பிளக்கா, காயிலா, வேறு ஏதாவதா?

கேள்வி: என்னிடம் 2013 மாடல் மாருதி ஸ்விஃப்ட் பெட்ரோல் கார் இருக்கிறது. 68,000 கி.மீ. ஓடியிருக்கிறது. சிக்னலில் நிற்கும்போது வண்டி உதறுகிறது, ஆக்சிலரேட்டரைத் தொட்டால் சரியாகிவிடுகிறது. இரண்டு முறை இன்ஜின் விளக்கு எரிந்து, தானாக அணைந்தது. ஒர்க்‌ஷாப்பில் நாலு பிளக், நாலு காயில் எல்லாவற்றையும் மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா? பிளக்கை நானே மாற்ற முடியுமா?

பதில்: பிளக்கை மாற்றிவிடுங்கள். பிளக்குக்கு உயர் மின்னழுத்தம் கொடுக்கும் காயில்களை இப்போதைக்கு வாங்காதீர்கள்.

சாதாரண நிக்கல் பிளக் பொதுவாக 30,000 முதல் 40,000 கி.மீ. வரைதான் நன்றாக வேலை செய்யும். இரிடியம் என்றால் ஒரு லட்சம் வரை தாங்கும். உங்கள் வண்டியில் நிக்கல் பிளக் இருந்து, இதுவரை மாற்றவே இல்லை என்றால், இந்தச் செலவு எப்படியும் செய்ய வேண்டியதுதான். ஆனால் உதறலுக்குக் காரணம் பிளக்தான் என்று அதற்குள் முடிவு கட்ட வேண்டாம்.

முதலில் ஸ்கேனரை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். விளக்கு அணைந்துவிட்டாலும் கோடு (கோளாறைக் காட்டும் குறியீட்டு எண்) பெரும்பாலும் வண்டியின் கம்ப்யூட்டர் நினைவகத்தில் இருக்கும். பி0301 முதல் பி0304 வரை ஏதாவது வந்தால், கடைசி எண் எந்த சிலிண்டர் மிஸ்ஸிங் அடிக்கிறது, அதாவது பெட்ரோல் சரியாக எரியாமல் தவறுகிறது, என்று சொல்கிறது. மூன்றாவது சிலிண்டர் என்று வைத்துக்கொள்வோம். அதன் காயிலைக் கழற்றி ஒன்றாவதில் மாட்டி, ஒன்றாவதின் காயிலை மூன்றில் மாட்டி, கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். இப்போது பி0301 வந்தால் காயில் கெட்டிருக்கிறது, அந்த ஒன்றை மட்டும் வாங்கினால் போதும். மறுபடியும் பி0303 தான் வந்தால் காயில் மேல் குற்றமில்லை. செலவே இல்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் நாலு காயிலுக்குப் பணம் கொடுக்க நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன்.

நீங்கள் சொன்னதில் ஒரு முக்கியமான துப்பு இருக்கிறது: ஆக்சிலரேட்டர் கொடுத்தால் சரியாகிறது. தேய்ந்த பிளக்கும் பலவீனமான காயிலும் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக நடந்துகொள்ளும். மேட்டில் ஏறும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும், பொறி தாண்டுவதற்கு அதிக மின்னழுத்தம் தேவைப்படும், அப்போதுதான் வண்டி திக்கும். நின்றால் மட்டும் உதறுகிறது என்றால் எனக்குக் காற்று வரும் பாதை மேல்தான் சந்தேகம். ஐட்லிங்கில், அதாவது ஆக்சிலரேட்டர் கொடுக்காமல் இன்ஜின் ஓடும்போது, அது இழுக்கும் காற்று ரொம்பக் குறைவு. இன்டேக் (காற்று உள்ளே போகும்) பக்கத்து ரப்பர் குழாயில் சின்ன வெடிப்பு இருந்தாலே காற்று-பெட்ரோல் கலவை கெட்டுவிடும். வேகம் கூடினால் காற்று பல மடங்காகிறது, அந்தக் கசிவு பெரிதாகத் தெரியாது. பிசிவி குழாய் (இன்ஜினின் உட்புற வாயுவை இன்டேக்குக்குத் திருப்பி விடுவது), பிரேக் பூஸ்டர் குழாய் இரண்டையும் தடவிப் பாருங்கள், ‘உஸ்’ என்ற சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். காற்றின் அளவைத் திறந்து மூடும் த்ராட்டில் பாடியில் கரி படிந்திருந்தாலும் இதே தொல்லைதான். அதைச் சுத்தம் செய்தபின் சில வண்டிகளில் ஸ்கேனர் வைத்து ஐட்லிங்கை மறுபடி செட் செய்ய வேண்டியிருக்கும். ஆர்பிஎம் முள் அசையாமல் நின்று, கோடும் எதுவும் இல்லாமல், சீட்டும் ஸ்டீயரிங்கும் மட்டும் அதிர்ந்தால் இன்ஜினைத் தாங்கும் ரப்பரான இன்ஜின் மவுன்ட்டைப் பாருங்கள்.

இன்ஜின் விளக்கு நிலையாக எரியாமல் மினுக்கினால் மட்டும் வண்டியை ஓரம் கட்டிவிடுங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும். அதன் விலைக்குப் பல செட் பிளக் வாங்கலாம்.

சரி, பிளக்கை நீங்களே மாற்றலாம். ஓனர்ஸ் மேனுவலில் உள்ள எண்ணையே கேட்டு வாங்குங்கள். பார்க்க ஒரே மாதிரி இருந்தால் போதாது. என்ஜிகே பிளக்கில் எண் கூடக் கூட குளிர்ந்த ரகம் (சூட்டைச் சீக்கிரம் கடத்துவது), பாஷ் பிளக்கில் எண் கூடினால் சூடான ரகம் (சூட்டை மெதுவாகக் கடத்துவது). கடைக்காரர் “இதுவும் அதுதான் சார்” என்று வேறு கம்பெனி பிளக்கை நீட்டினால், எண்ணை மட்டும் ஒப்பிட்டு ஏமாறாதீர்கள்.

இன்ஜின் முழுக்க ஆறியபிறகுதான் கை வைக்க வேண்டும். அலுமினிய ஹெட் சூடாக இருக்கும்போது கழற்றினால் மரை போய்விடும். காயிலை எடுத்ததும் பிளக் இருக்கும் குழிக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து வெளியேற்றுங்கள், இல்லையென்றால் அது சிலிண்டருக்குள் விழும். புதுப் பிளக்கை முதலில் ஸ்பேனர் போடாமல் கையாலேயே திருகுங்கள். இறுகினால் மரை மாறி ஏறுகிறது என்று அர்த்தம், வெளியே எடுத்துத் திரும்பத் தொடங்குங்கள். வாஷர் உள்ள புதுப் பிளக் கையால் உட்கார்ந்தபிறகு அரைச் சுற்று முதல் மூன்றில் இரண்டு பங்கு சுற்றுக்குள் இறுக்கினால் போதும். டார்க் ரெஞ்ச் இருந்தால் மேனுவலில் உள்ள அளவு வையுங்கள். மரையில் கிரீஸ் தடவ வேண்டாம், தடவினால் தெரியாமலே அதிகமாக இறுகிவிடும்.

பழைய பிளக்கைத் தூக்கிப் போடாமல் எந்த சிலிண்டரில் இருந்தது என்று குறித்து வரிசையாக வையுங்கள். இளம் பழுப்பு அல்லது சாம்பல் நிறம் நல்லது. காய்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது. முனை வெள்ளையாகக் கொப்பளித்திருந்தால் அதிகச் சூடு. முனையில் எண்ணெய் ஈரம் இருந்தால் பிஸ்டன் ரிங் அல்லது வால்வ் சீல் தேய்ந்திருக்கலாம். பீங்கானின் மேல்பக்கம் மட்டும் எண்ணெய் என்றால் வால்வ் கவர் பக்கத்து சீல் கசிகிறது, அது சின்ன வேலைதான்.

புதுப் பிளக் போட்டு, குழாய்களையும் பார்த்து, அப்படியும் அதே சிலிண்டரின் கோடு திரும்பி வந்தால், அடுத்து பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரையும், கம்ப்ரெஷனையும் (சிலிண்டருக்குள் உருவாகும் அழுத்தம்) சோதிக்கச் சொல்லுங்கள். கம்ப்ரெஷனுக்கு நாலு சிலிண்டரின் அளவையும் எழுதி வாங்குங்கள்.